தையல் சாய்ந்த பக்கம்

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது தையலைப் பார்த்துத்தான்.

நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் எங்கள் கெலிஓயாவைத் தாண்டித்தான் போக வேண்டும். கொண்டக்டர் ஜன்னல் வழியாக நீட்டும் சொப்பிங் பேக்கை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய துவாய் ஒன்றை விரித்து, உள்ளே இருக்கும் சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்ப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் அடுக்கினேன். நூல் நான் அனுப்பிய நூல். மணிகளும் நான் பொட்டலம் கட்டி அனுப்பியவைதான். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளிம்பைச் சுற்றிப் போட்டிருந்த தையல் எல்லாச் சிப்பியிலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

சிப்பிகளைத் தைத்து அனுப்புபவள் இடக்கைக்காரி. அவளுடைய தையல் எப்போதும் இடப்பக்கம்தான் சாயும்.

அவள் எனக்குப் பழக்கமானது கண்டியில் நடந்த ஒரு கைப்பணி வகுப்பில். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். என்னைவிட நன்றாக இளையவள். கதிரை போதாமல் இரண்டு பேரும் ஒரே வாங்கில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் இடக்கையால் ஊசி பிடிக்க, நான் வலக்கையால் பிடிக்க, நூலை இழுக்கும்போதெல்லாம் முழங்கை முழங்கையில் இடித்தது. "அக்கா, நாம ரெண்டு பேரும் எடம் மாறி உக்காந்தா போச்சு" என்று சிரித்தாள். மாறி உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு இடிக்கவில்லை.

சிப்பி வேலை அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அல்ல. புத்தளத்திலிருந்து கருவாடு ஏற்றி வரும் லொறிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்காரருக்குப் பழக்கம். ஒருநாள் கருவாட்டோடு ஒரு பை சிப்பியும் கொண்டுவந்து கொடுத்தார், மீன் தொட்டிக்குப் போடுங்கள் என்று. எங்களிடம் மீன் தொட்டி இல்லை. நான் அவற்றை அவித்து, வெயிலில் காயவைத்து, நாற்றம் போன பிறகு, கையால் சுற்றும் சின்ன ட்ரில்லால் விளிம்பில் ஓட்டை போட்டுப் பார்த்தேன். முதலில் போட்டவை வெடித்துப் போயின. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் போட்டபோது வெடிக்கவில்லை. அந்த ஓட்டைகளில் எம்பிராய்டரி நூலைக் கோத்து விளிம்பைச் சுற்றித் தைத்து, குழிந்த பக்கத்தில் நூலால் வலை போட்டு, வலையில் மணி கோத்தேன். கண்டியில் வாவிக்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து போகும் கடை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். "கண்டியில எங்க கடல்?" என்று கேட்டார் கடைக்காரர். ஆனாலும் வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டு வாங்கினார். என் ஒருத்தியால் தைத்து முடியாமல் போனபோதுதான் வாங்கில் பக்கத்தில் இருந்தவளின் ஞாபகம் வந்தது.

நான் ஓட்டை போட்டு, நூலும் மணியும் சேர்த்து மேலே போகும் பஸ்ஸில் அனுப்புவேன். அவள் தைத்து, கீழே வரும் பஸ்ஸில் அனுப்புவாள். வட்ஸ்அப்பில் அவள் எழுதமாட்டாள், குரல்தான். அக்கா என்று ஆரம்பித்தால் தோட்டத்து மழை, அட்டைக்கடி, பிள்ளைகளின் ஸ்கூல், பக்கத்து வீட்டுச் சண்டை என்று மூச்சு விடாமல் ஓடும். நான் போனை சமையலறை ரெக்கில் வைத்துவிட்டு அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் வெட்டுவேன். கூடப் பிறந்த தங்கைமாரோடு கூட நான் இவ்வளவு பேசியதில்லை.

பிறகு அந்தக் குரல் நின்றுபோனது. "போன்ல மைக் வேலை செய்யல அக்கா. இனி எழுதித்தான் அனுப்புவேன்." இப்படி ஒருநாள் எழுத்தில் வந்தது. நம்பினேன். நான் எடுத்த கோல்களுக்குப் பதில் வராது, கொஞ்சம் கழித்து, "வேலையா இருந்தேன் அக்கா." என்று வரும். அதையும் நம்பினேன். சாய்ந்த தையலைப் பார்த்த பிறகுதான் அந்த எழுத்துகளையெல்லாம் மேலே தள்ளித் தள்ளி மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. பேச்சில் எங்கேயும் நிற்காதவள் எழுத்தில் இவ்வளவு ஒழுங்காகப் புள்ளி வைப்பாளா?

இவருக்கு, என் கணவருக்கு, பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை. பொழுதுபட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த சிப்பிகளைப் பார்த்தார்.

"வேல நல்லாத்தானே இரிக்கி. பொறகு என்னத்துக்கு இப்பிடிப் பாத்துக்கிட்டு இரிக்கீங்க?"

"தச்ச ஆள் வேற."

"வேற யாரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்பிடிப் பாக்கப் போறன்?"

"ஒங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு சந்தேகம்" என்று சொல்லிவிட்டு அவர் சிப்பிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார், சோற்றுக் கோப்பை வைக்க.

அவர் சொன்னது பொய்யில்லை. மீன்காரனின் தராசைப் பார்ப்பதுபோலத்தான் நான் மனிதர்களையும் பார்ப்பேன். அவள் ஒருத்தியைத்தான் அப்படிப் பார்க்காமல் விட்டிருந்தேன். அதனாலோ என்னவோ, ஒருமுறை சந்தேகம் வந்ததும் அது நிற்கவில்லை. வேலையை வேறு யாருக்காவது குறைந்த கூலிக்குக் கொடுக்கிறாளா? என் மாதிரியை வேறு கடைக்கு விற்கிறாளா? கண்டி மார்க்கட் பக்கம் ஒரு கடையில் மணி வைத்த சிப்பிகள் தொங்குவதாக யாரோ சொன்னார்கள். வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தால் எல்லாம் பசை. ஓர் ஊசிக் குத்துக் கூட இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தக் கடையில் கொடுக்கவில்லை என்றால் வேறு கடையில் கொடுத்திருப்பாள் என்றுதான் பஸ்ஸில் வரும்போது மனம் சொல்லிக்கொண்டு வந்தது.

ஆனால் உள்ளுக்குள் என்னை அரித்தது கடைகளும் மாதிரியும் அல்ல.

அதற்குக் கொஞ்ச மாதங்கள் முன்பு எனக்கு உடம்பில் ஒரு கஷ்டம் இருந்தது. பெண்களுக்கு வருவது. கருப்பையை எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொன்னார். அதை இவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத்தான் முதலில் சொன்னேன், குரலில், அழுதுகொண்டே. அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாள் எழுத்தில் வந்தது: "பயப்படாதீங்க அக்கா. எங்க அம்மாவுக்கும் செஞ்சாங்க. நாள் குடுத்தா தள்ளிப் போடாதீங்க. மனசு சரியில்லாட்டி எனக்கு மெசேஜ் போடுங்க." அந்த நாலு வரிதான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் படுத்துக்கிடந்த நாட்களில் அவளுக்கு நான் சொல்லாதது எதுவுமில்லை. வெட்டிய இடத்து வலி, இனி நான் ஒரு பெண்ணா என்ற பயம், இவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக, இதமாக ஒரு பதில் வந்தது. புள்ளியோடு.

மைக் பழுதானதாகச் சொன்னது அதற்கெல்லாம் முன்பு.

கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். நேராகக் கேட்டால் நேரான பதில் வராது என்று பட்டது. ஆகவே ஒரு பொய்யை எழுதி அனுப்பினேன். "வகுப்பு முடிஞ்ச அன்டைக்கி நாம ரெண்டு பேரும் வாவிக்கரையில ஐஸ்கிரீம் சாப்பிட்டமே, ஞாபகம் இரிக்கா?" நாங்கள் எதுவும் சாப்பிடவில்லை. அன்றைக்குக் கொட்டு மழை.

உடனே பதில் வந்தது. "மறக்க முடியுமா அக்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அப்படியானால் அவள் எங்கே? உயிரோடு இருக்கிறாளா? அவளுடைய போனை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்னை அக்கா என்று கூப்பிட்டது யார்?

அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டேன். புசல்லாவைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் இவரிடம் சொன்னேன். கம்பளை தாண்டி பஸ் ஏறத் தொடங்கியதும் குளிர ஆரம்பித்தது. புசல்லாவையில் இறங்கி, த்ரீவீலர் பிடித்து, தோட்டத்துப் பாதையில் அது போகக்கூடிய மட்டும் போய் இறங்கினேன். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண் ஒருத்தியிடம் அவள் பெயரைச் சொல்லி வீடு கேட்டேன்.

"அது கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போயிருச்சேங்க" என்றாள் அவள். "ரொம்ப மாசமாச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"வீட்டுல யாரு இரிக்காங்க?"

"அவ புருசன்தான். புள்ளைங்க ரெண்டயும் வெச்சுக்கிட்டு. அந்தா, மேல் லயத்துல கடைசி வீடு."

உயிரோடு இருக்கிறாள் என்ற ஆறுதல் ஒரு கணம்தான். அடுத்த கணம், என் மெசேஜ்களையெல்லாம் வாசித்தது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் படிகளை ஏறும்போது முகம் எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் பார்க்காமல் போனால் வாழ்நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று தெரியும்.

கடைசி வீட்டு வாசலில், பிளாஸ்டிக் கதிரையில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. இடக்கையில் சிப்பி. வலக்கையில் ஊசி. வெளிச்சம் விழும் பக்கமாகச் சிப்பியைச் சாய்த்து, ஓட்டையைத் தேடி, நிதானமாக நூலை இழுத்தார். அபாயாவோடு ஒரு பெண் வந்து நிற்பதைக் கண்டதும் கை நின்றது.

"கெலிஓயா அக்காவா?" என்றார்.

நான் தலையசைத்தேன். அவர் எழும்பினார். என்ன செய்வது என்று தெரியாமல் ஊசியைச் சட்டைக் கொலரில் குத்திக்கொண்டார்.

"உள்ள வாங்கக்கா. உக்காருங்க."

"அக்கா எண்டு சொல்லாதீங்க" என்றேன். "எனக்கு மெசேஜ் எழுதினது யாரு?"

அவர் மறைக்கவில்லை. "நான்தாங்க."

"தைச்சதும்?"

"நான்தான். போறதுக்கு முந்தி அவ சொல்லிக் குடுத்தா. போனப்பொறகு வீடியோ கோல்ல. அவ எடக்கையில தைக்கிறத பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்திரும். மொதல்ல அவ சாய்ச்ச மாதிரியே தச்சேன், இப்பத்தான் என் பக்கத்துக்கு மாத்திக்கிட்டேன்." பாக்டரி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதாகச் சொன்னார். "ஆம்பள தைக்கிறான்னு தெரிஞ்சா நீங்க வேல குடுப்பீங்களான்னு எங்க ரெண்டு பேருக்கும் பயம். மொத மொத அந்தப் பொய்ய சொல்லிட்டோம். அதுக்கப்புறம் எப்பிடி மாத்துறதுன்னு தெரியல."

"நூல் விஷயத்துக்குப் பொய் சொன்னது சரி. நான் ஆஸ்பத்திரி விஷயம் அனுப்பின நேரம்?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க சத்தத்த கேட்டதும் நான் பாதியில நிப்பாட்டிட்டேன். அவளுக்கு அனுப்புனேன். அவ கேட்டுட்டு சொன்னததான் எழுதுனேன். அப்பவே நெசத்த சொல்லியிருந்தா நீங்க எப்பிடி வெளிய மொகம் காட்டுவீங்கன்னு எனக்கே கூச்சமா இருந்துச்சு."

பாதியில் நிறுத்தினாரா, முழுக்கக் கேட்டாரா? யாருக்குத் தெரியும்? உள்ளே சுவரில் மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது. அதற்குக் கீழே அலுமாரிக்கு மேல் நான் அனுப்பிய நூல்கள் நிறம் நிறமாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அவ்வளவு ஒழுங்கு கூட எனக்கு அந்த நேரம் ஏதோ மறைப்பதுபோலத்தான் தெரிந்தது.

"அவக்கிட்ட இப்ப பேசணும்" என்றேன்.

"வீட்டம்மா வெளிய போனாத்தான் போன எடுப்பா. மிஸ்கோல் குடுக்கிறேன். பாத்துட்டு எடுப்பா."

காத்திருந்தோம். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் வெளியில் போய் நின்றுகொண்டார். நான் குடிக்கவில்லை. அவள் எடுக்கமாட்டாள், இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர் அதைக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டு மறுபடி வெளியே போனார்.

"அக்கா வந்திருக்காங்களா? ஐயோ, அக்கா!"

அதே குரல். மூச்சு விடாத குரல். ஆனாலும் நான் கேட்டேன்: "வகுப்பு முடிஞ்ச அன்டைக்கி நாம வாவிக்கரையில என்ன சாப்பிட்டோம்?"

"சாப்புட்டமா? அன்னிக்கிக் கொட்டுன மழையில நான் பஸ்ஸுக்கு ஓடுனேனேக்கா! நீங்க யாரு கூட சாப்புட்டீங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி விஷயத்தைக் கேட்டேன்.

"நான் சொல்லித்தான் அவரு எழுதுனாரு."

"எல்லாமா?"

"மொதல்ல சொன்னது நான்தாங்க்கா. எங்க அம்மாவுக்கு செஞ்சது நெசம். அப்புறம்... இங்க எனக்குப் போன் கெடைக்காத நாளும் இருக்கும்ல. அன்னிக்கெல்லாம் நீங்க பதிலில்லாம கெடந்து தவிப்பீங்களேன்னு அவரு..." நிறுத்தினாள். "அக்கா, அவரு ஒரு வார்த்த தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க. நான் கேக்கிறேன்."

தப்பான வார்த்தை ஒன்றையாவது தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

தைத்து வைத்திருந்த சிப்பிகளை அவர் ஒரு பேக்கில் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கை நீட்டி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது பழைய மெசேஜ்களைத் திறந்து, எது அவள் சொன்னது, எது அவர் தானாக எழுதியது என்று பிரிக்கப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. வீடு வந்து சேர முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

இவரிடம் மறைக்க எனக்கு முடியவில்லை. ஒளித்தால் அது வேறு விதமாக வளர்ந்துவிடும் என்று பயந்தேன். அன்று பின்னேரமே, ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆத்திரப்படுவார், அந்த மனிதனைத் தேடிப் போவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் பேக்கிலிருந்த சிப்பி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்ல முந்தி அங்க சொல்லியிரிக்கீங்க" என்றார் கடைசியில்.

"அவன் எண்டு தெரிஞ்சா சொல்லியிருப்பனா? அவள் எண்டு நெனச்சித்தானே."

"அவளா இருந்தாலும் சரிதான்."

அவருக்கு வலித்த இடம் அது. அந்த இடத்தை நான் யோசித்தே இருக்கவில்லை. சில நாட்கள் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது. சாப்பிட்டார், கடைக்குப் போனார், வந்தார். ஓட்டை போட்ட சிப்பிகள் வாளியில் அப்படியே கிடந்தன. வாவிக்கரைக் கடைக்காரர் இரண்டு தடவை கோல் எடுத்துவிட்டார்.

ஒரு காலையில் இவரே கேட்டார்: "அந்த வேலைய நிப்பாட்டப் போறீங்களா?"

"தெரியா."

"நல்லாத் தைக்கிறான். அவன்ட நம்பர எனக்குத் தாங்க. இனி நான் பேசிக்கொள்றன்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. நான் ஓட்டை போட்டு, நூல் மணி சேர்த்துக் கட்டிக் கொடுப்பேன். மிச்சமெல்லாம் இரண்டு ஆண்களுக்கும் நடுவில். இவரை அவர் எங்கள் வழக்கப்படி, அண்ணன் என்பதற்கு, 'நானா' என்றுதான் கூப்பிடுகிறாராம். சீமெந்தும் ஆணியும் விற்கும் மனிதர் கடையில் உட்கார்ந்துகொண்டு, "மெரூன் நூல் முடியப் போகுதாம்", "சின்ன மணி ஊசியில ஏறுதில்லையாம்" என்று எனக்குக் கோல் எடுத்துச் சொல்வார். அவள் கட்டாரிலிருந்து முடிந்த நாட்களில் தன் நம்பரிலிருந்து எனக்குக் குரல் அனுப்புகிறாள். கேட்பேன். பதிலும் அனுப்புவேன், அளவாக. மழை பற்றி, பிள்ளைகள் பற்றி. சில நேரம் அவள் குரலுக்குப் பின்னால் வேறு யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா என்று மறுபடி போட்டுக் கேட்பேன். அந்தக் குணம் என்னைவிட்டுப் போகவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. இவர் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறார். என்னவென்று கேட்டால், "ஒண்டுமில்ல, சிப்பி விஷயம்" என்கிறார். சிப்பியில் சிரிக்க என்ன இருக்கிறது?

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போனவர் போனை மேசையில் விட்டுவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. அதுவாகவே வெளிச்சம் விட்டது. திரையில் தெரிந்த வரியை மட்டும் வாசித்தேன்.

"நானா, கால் விறைக்கிறது இப்ப எப்பிடி இருக்கு. டொக்டர்கிட்ட போனீங்களா. அக்காகிட்ட சொல்லிருங்க."

இவர் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் போனைக் காட்டவில்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டேன்.

"உக்காருங்க" என்றேன். "எந்தக் கால்?"

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்து, சாரத்தை முழங்கால் வரை தூக்கி வலது காலைக் காட்டினார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நோன்புக்கு முந்தியே என்றார். திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் கண்டிக்கு டொக்டரிடம் போகிறோம்.